சாம் பாஸின் தங்கத்தைத் தேடக் கிளம்பியிருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மெட்டல் டிடெக்டர் வாங்கியாச்சு, முதல் வேலையே அந்தக் காலத்து ரயில் கொள்ளைக்காரன் சாம் பாஸ் புதைத்து வைத்த தங்கம்தான் என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக்குக்குக் குடிவருகிறவர்கள் காதில் அந்தப் பெயர் எப்படியும் விழுந்துவிடும். நீ தினமும் காரில் போகும் சாலைக்கே அவன் பெயர்தானே! அந்தத் தங்கம் இங்கே மண்ணுக்குள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நம் காலடியில் உண்மையில் கிடப்பது என்ன என்றும் சொல்ல வேண்டும்.

1877 செப்டம்பர் 18 இரவு, நெப்ராஸ்காவில் பிக் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் யூனியன் பசிபிக் ரயிலை சாம் பாஸையும் சேர்த்து ஆறு பேர் மறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த 60,000 டாலர் அவர்கள் கையில் சிக்கியது. எல்லாம் புத்தம் புது இருபது டாலர் தங்கக் காசு. கணக்குப் போட்டுப் பார். 3,000 காசு. ஒரு காசு 33.4 கிராம், நம் ஊர்க் கணக்கில் நாலு பவுனுக்கு மேல். மொத்தம் நூறு கிலோ! ஆளுக்கு 500 காசு, அதாவது பதினாறு கிலோவுக்கும் மேல். இவ்வளவு கனத்தைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனார்கள்.

கூட்டத்துக்குத் தலைவன் ஜோயல் காலின்ஸ். அவனும் கூட்டாளியும் எட்டே நாளில் கன்சாஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பங்கு பொதிக் குதிரையோடு அப்படியே பிடிபட்டது. கூட்டத்தில் இன்னொருவனான ஜிம் பெர்ரி மிசௌரியில் வங்கிக்குப் போய்த் தங்கத்தை நோட்டாக மாற்றினான். சந்தேகம் வந்தது, துரத்திச் சுட்டார்கள். சாம் பாஸ் மட்டும் டெக்சாஸில் டென்டன் பக்கம் திரும்பி வந்தான். கையில் தாராளமாகக் காசு, தண்ணீராகச் செலவழித்தான்.

அடுத்து நடந்ததைக் கவனி. 1878 வசந்தத்தில் டல்லஸைச் சுற்றி ஆலன், ஹட்சின்ஸ், ஈகிள் ஃபோர்டு, மெஸ்கீட் என்று நாலு ரயில்களைக் கொள்ளையடித்தான். எதிலும் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. டெக்சாஸ் மாநிலக் காவல்படையான ரேஞ்சர்கள் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜூலையில் இந்த ஊரின் சின்ன வங்கியைக் கொள்ளையடிக்க வந்தான். பதினாறு கிலோ தங்கத்தைப் பத்திரமாகப் புதைத்து வைத்தவனுக்கு இந்தச் சில்லறைப் பணத்துக்காக உயிரைப் பணயம் வைக்க என்ன அவசியம்? தங்கம் தீர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

ஜூலை 19 அன்று கடைத்தெருவில் துப்பாக்கிச் சண்டை. கூடவே இருந்த ஜிம் மர்ஃபி ஏற்கெனவே ரேஞ்சர்களுக்குத் தகவல் கொடுத்திருந்தான். முதலில் செத்தது உள்ளூர்க் காவல் அதிகாரி, துணை ஷெரிஃப் ஏ. டபிள்யூ. கிரைம்ஸ். துப்பாக்கி வைத்திருக்கிறாயா என்று கேட்கப் போன மனிதர். சாம் பாஸ் குண்டுக் காயத்தோடு இரண்டு நாள் கிடந்து, ஜூலை 21-ல், தன் இருபத்தேழாவது பிறந்தநாளில் இறந்தான். கிரைம்ஸ் பெயரிலும் இந்த ஊரில் ஒரு பெரிய சாலை உண்டு. அதில் போகும்போது அவரையும் நினை. புதையல் கதை சொல்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை, அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

அவன் செத்ததும் கதைகள் முளைத்தன. டென்டன் காட்டில் என்பார்கள், பர்னெட் பக்கம் லாங்ஹார்ன் குகையில் என்பார்கள். அந்தக் குகை இன்று மாநிலப் பூங்கா. அங்கே டிடெக்டரோடு போய்த் தோண்ட முடியாது. 1969-லேயே டெக்சாஸில் தொல்பொருள் சட்டம் வந்துவிட்டது. மாநில நிலம் மட்டுமில்லை, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), நகராட்சி நிலங்களும் அதில் அடக்கம். பிரஷி ஓடையில் ஊருக்கே பெயர் கொடுத்த உருண்டைப் பாறைக்குப் பக்கத்தில், பழைய மாட்டுவண்டிகள் ஓடித் தேய்ந்த தடம் சுண்ணாம்புக்கல்லில் இன்னும் தெரியும். போய்ப் பார், தொட்டுப் பார். டிடெக்டர் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒருவேளை 1877 என்று போட்ட இருபது டாலர் காசு ஒன்று எங்காவது உனக்குக் கிடைத்தாலும், அது அந்த ரயிலில் வந்ததுதான் என்று நிரூபிக்க வழியில்லை. அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் பதினேழு லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். காசைப் பார்த்தால் அச்சடித்த இடம் தெரியும், யார் கையிலிருந்து வந்தது என்று தெரியாது.

காசைப் புதைத்தவர்கள் பெரும்பாலும் கொள்ளைக்காரர்கள் இல்லை, சேமித்தவர்கள். 2013-ல் கலிஃபோர்னியாவில் தங்கள் நிலத்தில் நாயோடு நடந்துபோன ஒரு தம்பதிக்குப் பழைய டின்களில் 1,427 தங்கக் காசு கிடைத்தது. உடனே கொள்ளைக்காரர்கள் பெயரெல்லாம் அடிபட்டது. ஆனால் காசுகளில் இருந்த வருடங்கள் 1847 முதல் 1894 வரை. ஒரே கொள்ளையில் வந்த பணம் அப்படி இருக்குமா? வங்கியை நம்பாத யாரோ வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் புதைத்தது என்றால்தான் பொருந்துகிறது. நம் பாட்டிமார் அரிசிப் பானையில் காசு போட்டு வைப்பதும் இதே எண்ணத்தில்தான்.

அப்படியானால் உன் டிடெக்டர் எதற்குக் கத்தும்? 1876-ல் ரயில் பாதை வந்ததும் கடைகள் கிழக்கே நகர்ந்தன. பழைய ஊர் ஓடைப் பக்கம் தங்கிவிட்டது. அந்தச் சுற்றுவட்டத்துப் பண்ணைகளில், குடும்பங்கள் கூடிச் சாப்பிட்ட மரத்தடிகளில், துணி காய்ந்த முற்றங்களில் நிறைய விழுந்து கிடக்கும். செவ்விந்தியத் தலை போட்ட ஒரு சென்ட், டைம் என்கிற பத்து சென்ட் வெள்ளிக் காசு, பொத்தான், குதிரைச் சேணத்துப் பட்டை, குழந்தை தொலைத்த விளையாட்டுச் சாமான். கால்சட்டை ஓட்டையில் ஒரு டைம் நழுவியதால் ஒருவனுக்கு அன்றைக்குக் காபி இல்லாமல் போயிருக்கும். என்னைத் திரும்பத் திரும்ப வயலுக்கு இழுப்பது இந்த மனிதர்கள்தான். சாம் பாஸைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இவர்களைப் பற்றி ஒரு வரி எழுத ஆள் இல்லை.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். அதிலுள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது, உலோகத்தில் அது சின்ன மின்சுழல்களை உண்டாக்குகிறது, அதிலிருந்து திரும்பி வரும் சிக்னலைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது. பெரிய வெள்ளிக் காசு உயர்ந்த எண், இரும்பு தாழ்ந்த எண். தங்க மோதிரமும் பானக் கேனின் இழுப்பு வளையமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கும். வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் போய்விடும். பொறுமையாகத் தோண்டு. ஒற்றைக் காசுக்கு ஒரு சாண் ஆழத்துக்கு மேல் எதிர்பார்க்காதே.

எடுத்த காசைத் தேய்த்துக் கழுவாதே. எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று அப்போதே நோட்டில் எழுதிவிடு. இங்கிலாந்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் 1992-ல் எரிக் லாஸ் என்பவர், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியக் காசுக் குவியலைக் கண்டார். கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து கிளறாத மண்ணைத் தோண்டினார்கள். 14,865 காசு கிடைத்தது. அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் கீல், பூட்டு, பொருட்களை அடுக்கியிருந்த விதம் வரை தெரிந்தது. சுத்தியலும் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதே நாட்டில் 2015-ல் லெம்ஸ்டர் பக்கம் இரண்டு பேர் வைகிங் காலப் புதையல் ஒன்றை மறைத்து விற்றார்கள். சிறைக்குப் போனார்கள், அது சரி. ஆனால் ஆல்ஃபிரட் அரசர் காலத்து அந்த அபூர்வக் காசுகளில் பெரும்பங்கு இன்றுவரை திரும்பவில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம், அந்த வரலாற்றை எங்கே போய்ச் சம்பாதிப்பது? இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நம் நாட்டுப் புதையல் சட்டமும் சாம் பாஸ் செத்த அதே 1878-ல் வந்ததுதான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகாதே.

சரி, வருகிற சனிக்கிழமை காலை வா. ஓடைக்குத் தெற்கே ஒரு பெரியவரின் பண்ணையில் பழைய வீட்டு அடித்தளம் இருக்கிறது. தேட அனுமதி கொடுத்திருக்கிறார், எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். கிடைப்பது எதுவானாலும் முதலில் அவர் கையில் கொடுப்போம் என்று பேச்சு. கேஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று 811 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டாகிவிட்டது. தோண்டிய குழியைப் புல்லோடு மூட நல்ல கூரான கைக்கரண்டி ஒன்று வேண்டும், உன்னிடம் இல்லாவிட்டால் முன்கூட்டியே சொல், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

அன்புடன்,
மாமா