முன்னால் போன லாரி அண்ணனுக்கு

நேற்று இரவு மலைப்பாதையில் காரை ஓரங்கட்டி முழித்துக்கொண்டிருந்தது நான்தான். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்திருந்தால், சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வழிகாட்டும். தெரியும். இறக்கத்தான் இல்லை.

நான் கேட்காமலே லாரியை நிறுத்தினீர்கள். கிட்டே வரவில்லை, தனியாக இருப்பவள் பயப்படுவாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. "கதவைப் பூட்டியே வச்சுக்கங்க, பின்னாடியே வாங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர் போதும், பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடாகிடும்" என்றீர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் உங்கள் பிரேக் விளக்கு இரண்டு முறை மினுங்கியது. அது எனக்காக என்பது மூன்றாவது வளைவில்தான் புரிந்தது (மெதுவாகத்தான் புரியும் எனக்கு).

நெடுஞ்சாலை வந்ததும் கையை மட்டும் வெளியே நீட்டித் திசை காட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நன்றி அண்ணா.