கார்னர் வாங்கிக் கொடுத்தவன் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிக்கெட் போக மிச்சமிருக்கும் மூலையில்தான் என்றாலும் ஹாக்கிக்கு இடம் கொடுக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் சமீபத்தில் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. 'சிறந்த முன்கள வீரர்கள்' என்று தலைப்பு, கீழே கோல் கணக்கை வைத்து வரிசை, அதில் நம் முன்னாள் இந்திய கேப்டன் தன்ராஜ் பிள்ளை எங்கேயோ கீழே கிடக்கிறார், பெயருக்குப் பக்கத்தில் 170 என்று ஓர் எண்.

அந்த 170 ஒரு குத்துமதிப்பு. தன்ராஜ் ஆடிய காலத்தில் யார் எத்தனை கோல் என்று நம் ஹாக்கி சம்மேளனம் அதிகாரபூர்வமாக எழுதி வைக்கவே இல்லை. 170-க்கு மேல் இருக்கும் என்று அவரும் புள்ளிவிவரக்காரர்களும் சொல்வதை வைத்துத்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸுக்கு 348 கோல் என்று ஒன்று குறையாமல் கணக்கு இருக்கிறது. அவர் ஃபுல்பேக், அதாவது பின்களத் தடுப்பாட்டக்காரர். பெனால்டி கார்னர், அதாவது கோலுக்குப் பக்கத்தில் எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு, அதை அடிப்பவர். முன்களத்தில் ஓடி ஓடி நுரை தள்ளியவனுக்குக் கணக்கு இல்லை, பின்னாலிருந்து வந்து பந்தை ஸ்டிக்கால் சுண்டி ஃப்ளிக் செய்தவருக்குக் கணக்கு சுத்தமாக இருக்கிறது! சொஹைலைக் குறை சொல்லவில்லை, அந்த ஃப்ளிக் சும்மா வராது. ஆனால் அந்த கார்னர் எங்கிருந்து வந்தது?

கொஞ்ச காலம் மாவட்டப் போட்டிகளில் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தாளில் எந்த நிமிடம், எந்த நம்பர் சட்டை, ஆட்டத்தின் ஓட்டத்தில் விழுந்த ஃபீல்டு கோலா கார்னர் கோலா, யாருக்கு கார்டு என்றெல்லாம் கட்டம் இருக்கும். பந்தைக் கொடுத்தது யார் என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஒரு ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒல்லியாக ஒரு பையன், ரைட் விங். பேக்லைனை ஒட்டி, கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டமான டி-க்குள் நுழைந்தான், எதிரே வந்த ஃபுல்பேக் ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து வழியை அடைத்தான், இவன் அவசரப்படாமல் ஒரு நொடி நின்று, அவன் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, அந்தக் காலின் மேலேயே பந்தைத் தட்டிவிட்டான். டொக். காலில் பந்து பட்டால் தப்பு, அம்பயர் விசில், கார்னர். அந்த ஆட்டத்தில் இதே வேலையை மூன்று முறை செய்தான். இரண்டு கோலாக மாறியது, இரண்டையும் அடித்தவன் வேறொருவன், தாளில் நான் எழுதியதும் அவன் பெயரைத்தான். ஆட்டம் முடிந்து தாளைக் கையெழுத்துக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

தன்ராஜ் செய்ததெல்லாம் இதன் பெரிய வடிவம் என்றுதான் நான் சொல்வேன். புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பம், அப்பா மைதானப் பராமரிப்பு வேலை, புது ஸ்டிக் வாங்க வழியில்லாமல் உடைந்ததைக் கட்டி வைத்து ஆடிய வீடு. பந்தைக் கடத்திக்கொண்டு போவதில் பெயர் வாங்கிய இந்திய முன்கள வீரர் முகமது ஷாஹித் மாதிரி ஆட வேண்டும் என்பதுதான் சின்ன வயசு ஆசையாம். அது ஆட்டத்தில் தெரியும். நடுக்களத்திலேயே பந்தை வாங்கிக்கொண்டு, முடி பறக்க, இரண்டு பேரை இந்தப் பக்கம் இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போவார். போகிற வேகத்தில் பாஸ் கொடுப்பாரா, தானே அடிப்பாரா என்று டிவி முன்னால் இருக்கிற நமக்கே தெரியாது, டிஃபெண்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் அவரை மொய்த்தால் இன்னொரு பக்கம் ஒருவன் சும்மா நிற்பான் இல்லையா, அவன் அடித்த கோலில் தன்ராஜுக்குப் பங்கு இல்லையா?

1989 கடைசியில் இந்தியாவுக்காக இறங்கினார், 2004 ஏதென்ஸ் வரை ஆடினார், 339 ஆட்டங்கள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. இந்தப் பதினைந்து வருடத்தில் ஆட்டமே மாறிப்போனது என்பதை உங்கள் பெட்டிச் செய்தி கண்டுகொள்ளவில்லை. அவர் ஆட வந்தபோது ஹாக்கியில் ஆஃப்சைடு இருந்தது, அதாவது எதிரணித் தடுப்பைத் தாண்டிப் போய் முன்னாலேயே நின்று பந்து வாங்கக் கூடாது, அதை 90களின் நடுவில்தான் எடுத்தார்கள். அதற்கு அப்புறம் முன்கள ஆட்டக்காரன் கோல்கீப்பர் மூக்குக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டு, வருகிற பந்தைத் தொட்டுத் திருப்பிவிடலாம், அதுவும் ஒரு கோல்தான். அதற்கு முன்னால் ஆடியவனையும் பின்னால் ஆடியவனையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது என்ன நியாயம்? போதாததற்கு, தன்ராஜ் ஆடியது எழுபது நிமிட ஆட்டம், இப்போது நான்கு கால்பகுதியாக அறுபது நிமிடம்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை பெனால்டியில் வென்று, 32 வருடம் கழித்துத் தங்கம். அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? அடுத்த தொடருக்கான அணியில் தன்ராஜ் இல்லை, மூத்த ஆட்டக்காரர்கள் வேறு சிலரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. ஓய்வு கொடுத்தோம் என்றார்கள். படித்தொகை பற்றி வாய் திறந்ததற்குக் கிடைத்த பரிசு என்று ஹாக்கி பார்க்கிறவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கோபக்காரர்தான், மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கணக்கு இன்னும் கூடியிருக்குமோ என்னவோ.

சிட்னி 2000 பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை, ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன், அப்போது போலந்து ஒன்று போட்டுவிட்டது. 1-1. தன்ராஜ் அழுதார். அழாமல் என்ன செய்வார்? நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லை, ஏழு, எட்டு, ஏழு, ஏழு என்று இடங்கள். ஆனால் அதே மனிதர் 2002-ல் கொலோன் சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா நான்காவதாக வந்தும் தொடரின் சிறந்த வீரர். அடுத்த வருடம் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று இந்தியாவுக்கு முதல் ஆசியக் கோப்பை, அதற்கும் அவரே கேப்டன், வயது 35.

சரி, பழைய கதையை விடுங்கள். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் ஆடினார்கள், இரண்டு பேரும் முன்களம், அணிக்கு வெண்கலம். பாகிஸ்தானுடன் கார்த்தி போட்ட கோல் செய்தியில் வந்தது. அதே தொடரில் இந்த இருவரும் பந்து இல்லாமல் எத்தனை முறை ஓடி டிஃபென்ஸைக் கலைத்தார்கள், எத்தனை முறை முன்களத்திலேயே பந்தைப் பறித்தார்கள் என்று ஒரு வரி எந்தப் பத்திரிகையிலும் என் கண்ணில் படவில்லை. கோவில்பட்டியில் ஸ்டிக்கோடு திரிகிற பையன் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு, கோல் போட்டால்தான் பெயர் வரும் என்று நினைத்தால், அடுத்த ஆட்டத்தில் பாஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் தானே அடித்து வெளியே அனுப்புவான். அனுப்பியதைப் பார்த்தும் இருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஸ்கோருக்குக் கீழே கோல் அடித்தவர் பெயரைப் போடும்போது, கார்னரில் வந்த கோல் என்றால் அந்த கார்னரை வாங்கிக் கொடுத்தது யார் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் சேருங்கள். ஃபீல்டு கோல் என்றால் கடைசிப் பாஸ் யாருடையது என்று போடுங்கள். மைதானத்துக்குப் போகும் உங்கள் நிருபர் நோட்டில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டால் போதும், ரீப்ளே பார்த்தும் எழுதிவிடலாம். அந்த 170-க்குப் பக்கத்தில் 'அதிகாரபூர்வ கணக்கு இல்லை' என்று ஒரு திருத்தமும் வெளியிட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் லெஃப்ட் ஹாஃப் ஆடி, முன்கள ஆட்டக்காரர்களிடம் நிறைய ஏமாந்த உங்கள் வாசகன்