மூன்று அடுப்பு எரிகிற வளவை முதலில் பாருங்கள்

எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடலோரக் காணிகளின் வலயத்தை, அதாவது எங்கே என்ன கட்டலாம் என்ற வகுப்பை மாற்றி, பல குடும்பங்கள் இருக்கிற மாதிரித் தொடர்மாடி கட்ட இடம் விடலாமா என்ற கதை ஊரில் அடிபடுகிறது. தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு நியாயம். சரி, என்னுடையதையும் எழுதிவிடுகிறேன்.

வீடே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முல்லைத்தீவுக் கரையில் அலம்பில் பக்கம் எங்கள் வளவில் இப்போதே மூன்று அடுப்பு எரிகிறது: அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. தங்கச்சியின் வீடு தகரக் கொட்டில்தான். அரசாங்கம் பெர்மிட்டில் தந்த காணி, நினைத்தபடி துண்டு போட முடியாது. துண்டு போடாமலே இன்னொரு கல்வீடு கட்டுகிறோம் என்று கேட்டுப் போனதற்கு, ஒரு காணிக்கு ஒரு வீடுதான் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பல குடும்ப வீடு என்றால் எங்களுக்கு இதுதான். விதியைத் தளர்த்துவதாக இருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்.

மாடிக்கு வருகிறேன். மாடியைவிட எனக்குப் பயம் தண்ணீரில்தான்.

எங்கள் கிணறு ஆழமில்லை. மாரி முடிந்த கையோடு குனிந்து வாளியாலேயே அள்ளலாம். நல்ல தண்ணீர். போன வருசம் ஒரு கலியாணத்துக்காக விடிய விடிய மோட்டர் போட்டு இறைத்தோம். மூன்றாம் நாள் தேத்தண்ணி உவர்த்தது. அம்மா சீனியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று டப்பாவைத் திறந்து நக்கிப் பார்த்தா. கிணறு பழையபடி தெளிய அடுத்த மழை வரவேண்டியிருந்தது.

நன்னீர் பாரம் குறைவு, அதனால் மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே அந்த 1 அடி இறங்கினால்? கீழிருந்து 40 அடி உவர் ஏறும். ஒரு கலியாணத்துக்கே இந்தப் பாடு என்றால், முப்பது குடும்பம் தினமும் குளிக்க, தோய்க்க மோட்டர் போட்டால் என்ன ஆகும்? அப்புறம் அத்தனை பேரின் மலசலக் குழியும் அதே மணலுக்குள்தான்.

சட்டமும் உங்கள் கையில் மட்டும் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். சபை வலயத்தின் பெயரை மாற்றினாலும் அங்கே கட்ட கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்றார்கள். தெற்கில் அதே விதி 100 மீற்றர்! எங்கள் பக்கக் கடல் மட்டும் இரட்டிப்பாக வரும் போல. அந்த விதியைப் பிறகு தளர்த்தினார்கள், தெரியும். ஆனால் கரையில் வலை வைக்கிற வாடியைத் திருத்தப் பயந்து பயந்து நின்றவர்களுக்கு, அதே மணலில் நாலு மாடி எழும்பப் போகிறது என்றால் எரிச்சல் வராதா?

கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்கும் வெறும் கரை வேண்டும். வலைக் கயிற்றின் இரண்டு தலைப்பையும் நன்றாக விலகி நின்றுதான் இழுக்கத் தொடங்குவோம், இழுக்க இழுக்க இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கி வருவோம். நடுவில் மதில் வந்தால் அந்த வலை இழுக்கிற இடம் அவ்வளவுதான்.

மாடி கட்டாயம் வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீர் கொடுக்கக்கூடிய மேட்டுக் காணியில், வீதிக்கு மேற்கே பாருங்கள். கடல் பக்கத்து வளவுகளில் இரண்டாவது, மூன்றாவது வீட்டுக்கு வழி விடுங்கள். தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை வரைபடத்தில் கை வைக்காதீர்கள்.

இதுபற்றிக் கூட்டம் வைப்பதாக இருந்தால், தயவுசெய்து காலையில் வைக்காதீர்கள். கரைவலைக் காலத்தில் அந்த நேரம் நாங்கள் கயிற்றில் நிற்போம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என்றால் எல்லோரும் வருவோம், அம்மாவும் வருவா.

இப்படிக்கு,
அலம்பில் கரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி