பாட்டின் நடுவே ஏறிய ஒரு கட்டை

அனுப்புநர்:
கீபோர்டு வாசிப்பாளர்,
மெல்லிசைக் குழு, மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: புதிய அரேஞ்சர் கீபோர்டு, மேடையில் ஏற்பட்ட தலைகுனிவு, சர்வீஸ் சென்டரில் அழிக்கப்பட்ட பதிவுகள், வசூலிக்கப்பட்ட 1,180 ரூபாய் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதக் கடைசியில் மதுரையில் உள்ள தங்கள் விற்பனையகத்தில் 64,500 ரூபாய் கொடுத்து, 61 கட்டைகள் உள்ள, தாளத்தையும் பக்கவாத்தியத்தையும் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டு ஒன்றை வாங்கினேன். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். 22 ஆண்டுகளாகக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்துப் பிழைப்பவன் நான். ஃப்ளாப்பி போட்டு வாசித்த பழைய கீபோர்டு 16 வருடம் உழைத்தது. அதில் நான்கு கட்டைகள் ஊமையான பிறகுதான், மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் புதியதை வாங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருவி நல்ல கருவி. வயலின் கூட்டம் சேர்ந்து எழும்பும் ஒலியைக் கேட்டு என் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புதிய கருவிக்குக் கை பழக நாளாகும் என்பதும் எனக்குத் தெரியும். பழையதில் தாளத்தின் நடுவே சிறு நிரப்பலைப் போடும் ஃபில்-இன் பொத்தான் இருந்த இடத்தில், இதில் பாட்டை முடித்து வைக்கும் எண்டிங் பொத்தான் இருக்கிறது. முதல் வாரம் முழுவதும் எல்லாப் பாட்டையும் பல்லவியிலேயே முடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் புகார் எழுத மாட்டேன்.

மூன்று வாரம், இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒலி, தாளம் முதலிய அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் நினைவகத்தில் 72 பதிவுகள் செய்தேன். பேங்க் என்ற தொகுப்பு ஒன்றுக்கு 8 வீதம் 9 பேங்க். முகப்பிசைக்கு வயலின், பல்லவிக்குப் பியானோ, இடையிசைக்குப் புல்லாங்குழல், சரணத்துக்கு வேறு தாளம் என்று ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு பதிவுகள் தேவைப்படும். மேடையில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் மாறிவிட வேண்டும். அரேஞ்சர் கீபோர்டு வாங்குவதே அதற்காகத்தான்.

பங்குனியில் ஓர் அம்மன் கோயில் திருவிழா. எங்கள் பாடகருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. "இரண்டு கட்டைப் பாட்டை இன்றைக்கு ஒரு கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார். சுருதியின் உயரத்தையும் நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். கிடார்காரரும் பேஸ் கிடார்காரரும் ஒரு கட்டைக்கு மாறிக்கொண்டார்கள். நான் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸில் இரண்டு அரைச் சுரம் இறக்க, கழித்தல் 2 வைத்தேன். முகப்பிசை போயிற்று, பல்லவி போயிற்று, எல்லாம் சுத்தம். இடையிசைக்காக மூன்றாம் பதிவைத் தட்டினேன். டிரான்ஸ்போஸ் சத்தமில்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. புல்லாங்குழல் இரண்டு கட்டையில் ஊதுகிறது, பேஸ் கிடார் ஒரு கட்டையில் நிற்கிறது. பேஸ் கிடார்காரர் தன் கருவிதான் சுருதி கலைந்துவிட்டது என்று எண்ணி, பாவம், குனிந்து முறுக்காணியைத் திருக ஆரம்பித்துவிட்டார். பாடகர் சரணத்தை எங்கே எடுப்பது என்று தெரியாமல் மைக்கை என் பக்கம் திருப்பினார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, பெட்டி புதுசா?" என்று கேட்டார்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. விழாக் குழுவினருக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி. பொன்னாடையும் பேச்சுமாக எங்கள் ஊரில் அது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பேசி முடித்து, "அடுத்த பாடல்" என்றார்கள். இரு கையையும் வைத்தேன், ஒலியில்லை. திரை இருட்டு. மின்சாரம் போய்விட்டது என்று ஜெனரேட்டர்காரரிடம் கத்தினேன். அவர் எரிந்துகொண்டிருந்த சீரியல் விளக்குகளைக் கையால் காட்டினார். 30 நிமிடம் யாரும் தொடாவிட்டால் கீபோர்டு தானே அணைந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் குழந்தை வாசித்துவிட்டு அணைக்க மறந்தால் நல்ல ஏற்பாடுதான். பெட்டியின் மேல் "மேடைக் கலைஞர்களுக்காக" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த கருவிக்கு அது எதற்கு?

மறுநாளே தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிச் சென்றேன். நடந்ததை இரண்டு முறை சொன்னேன். அங்கிருந்தவர் "மென்பொருள் கோளாறு" என்று எழுதிக்கொண்டார். நான்கு நாள் கழித்துத் திரும்பப் பெற்றபோது 72 பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. ஃபேக்டரி ரீசெட் செய்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பென்டிரைவில் நகல் எடுத்து வைக்காதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழிக்கும் முன் நகல் எடுப்பது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. போதாததற்கு, உத்தரவாதக் காலத்திலேயே பரிசோதனைக் கட்டணம் 1,000 ரூபாய், வரி 180 ரூபாய். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக இரண்டு பதிவுகள் செய்து பார்த்தேன். டிரான்ஸ்போஸ் முன்போலவே பூஜ்யத்துக்குத் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? கோளாறு இருந்தால்தானே ரீசெட்டில் போகும்?

உண்மையில் அது கோளாறே அல்ல. பதிவு செய்யும்போது இருந்த டிரான்ஸ்போஸ் அளவும் அந்தப் பதிவுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அதைத் தடுக்க "ஃப்ரீஸ்" என்று ஒரு வசதியைத் தங்கள் பொறியாளர்களே வைத்திருக்கிறார்கள். அதில் டிரான்ஸ்போஸுக்கு நேரே ஒரு குறியிட்டுவிட்டால், எந்தப் பதிவை அழைத்தாலும் சுருதி அசையாது. தானே அணைவதையும் மெனுவில் நிறுத்திவிடலாம். இவற்றை நான் எங்கே கண்டுபிடித்தேன்? பெட்டியில் வந்த கையேட்டில் அல்ல. அது அடாப்டரைச் செருகுவது எப்படி என்று ஒன்பது மொழிகளில் சொல்லும் மடிப்புத்தாள். ஒன்பதில் தமிழ் இல்லை. தங்கள் இணையதளத்திலிருந்து இறக்கிய ஆங்கிலக் கையேட்டின் 87ஆம் பக்கத்தில், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டு இரவில் கண்டுபிடித்தேன். விற்றவருக்குத் தெரியவில்லை, பழுது பார்த்தவருக்கும் தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய பெண், "ஆன் செய்து ஆஃப் செய்து பாருங்கள் சார்" என்றார். விற்கும் கருவியைத் தங்கள் ஆட்களுக்கே நீங்கள் அறிமுகம் செய்து வைக்கவில்லை என்பதுதான் என் முதல் புகார்.

விளம்பரத்தில் சொன்ன "40 இந்திய ஸ்டைல்கள்", அதாவது கருவி தானே வாசிக்கும் தாள அமைப்புகள், பற்றியும் சொல்ல வேண்டும். பாங்ரா, கர்பா, தாண்டியா, கவாலி எல்லாம் இருக்கின்றன. நம் பக்கத்துக்கு என்று தேறுவது ஐந்து. அதில் ஏழு எண்ணிக்கையில் ஒன்று இருக்கிறது. மிச்ர சாபு என்றால் தகிட தகதிமி, மூன்றும் நான்கும். இது நான்கும் மூன்றுமாக ஓடுகிறது. தலைகீழாக நான்கும் மூன்றுமாக வரும் விலோமச் சாபு என்று ஒன்று உண்டே, அதைத்தான் போட்டோம் என்று பதில் எழுதிவிடாதீர்கள். அப்படியென்றால் ஃபில்-இன்னும் அப்படியே வர வேண்டும், அது மட்டும் மூன்றும் நான்குமாக வந்து விழுகிறது. பழைய கீபோர்டில் நானே கட்டிய தவில் தாளங்களை இதில் ஏற்றலாம் என்று விற்பனையாளர் உறுதி சொன்னார். ஏறத்தான் செய்கின்றன. ஆனால் தவிலின் இடந்தலையான தொப்பி பேச வேண்டிய இடத்தில் மாட்டுமணி அடிக்கிறது. மின்னணு இசைக்கருவிகளுக்குப் பொதுவான ஜெனரல் மிடி தரத்தின் தாள வரிசையில் போங்கோவும் கோங்காவும் உண்டு. தவிலும் பம்பையும் கிடையாது. அவற்றை ஒவ்வொரு கருவியும் தன் இஷ்டத்துக்கு ஒவ்வோர் இடத்தில் வைக்கிறது. இது எனக்கே தெரிந்திருக்கும்போது, விற்கிறவர் அப்படி உறுதி சொல்லியிருக்கக் கூடாது.

நான் கேட்பது இவ்வளவுதான். பழுதே இல்லாத கருவிக்கு வாங்கிய 1,180 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அழித்த 72 பதிவுகளைத் திரும்ப உருவாக்க, மேடையில் வாசித்த அனுபவமுள்ள ஒருவரை இரண்டு நாள் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ரீசெட் பொத்தானை மட்டும் அறிந்தவர் வேண்டாம். ஏழு எண்ணிக்கை ஸ்டைலைத் திருத்தி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்போஸ், ஃப்ரீஸ், தானே அணைவது ஆகிய மூன்றையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து இனி விற்கும் பெட்டிகளில் வைக்க வேண்டும். எழுதித் தர ஆளில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: விற்பனை ரசீது, உத்தரவாத அட்டை, சர்வீஸ் சென்டர் ரசீது ஆகியவற்றின் நகல்கள்.

பி.கு.: சித்திரையில் எனக்கு ஒன்பது கச்சேரிகள் இருக்கின்றன. ஆள் அனுப்புவதாக இருந்தால் காலையில் அனுப்பவும். மாலை நான்கு மணிக்கு மேல் கீபோர்டு வேனில் ஏறிவிடும்.