பையனுக்கு கவனம் இல்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி மூக்கைப் பாருங்க – கல்வி அமைச்சருக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்கள்,
எம்ஐடிடி ஹவுஸ், பீனிக்ஸ், மொரிசியஸ்.
நகல்: மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்கள், போர்ட் லூயிஸ்.

பொருள்: பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்களோட மூக்கு அலர்ஜியை ஸ்கூல் ஹெல்த் விசிட்லயே கண்டுபிடிச்சு வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்யக் கோரி.

ஐயா, வணக்கம்.

நான் கியூர்பிப் பக்கம் ஒரு அரசு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்கேன். இதோட இங்கிலீஷ் காப்பி முறைப்படி உங்க ஆபீசுக்கு வந்துரும், தமிழ்ல எழுதறது எதுக்குன்னா கையெழுத்துப் போடப்போறவங்க முக்கால்வாசி என்னை மாதிரி தமிழ் டீச்சருங்கதான், அவங்க முதல்ல படிச்சுப் பார்க்கட்டும். எங்களுக்கு ஒரு வசதி இருக்குங்க ஐயா, கிளாஸ் டீச்சர் மாறிக்கிட்டே இருப்பாங்க ஆனா தமிழ் கிளாசுக்கு வர்ற பிள்ளையை கிரேட் 1ல இருந்து கிரேட் 6 வரைக்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் பார்ப்போம், அதனால ஒரு பிள்ளை எந்த மாசம் நல்லா இருக்கான் எந்த மாசம் சுருண்டு போறான்னு எங்களுக்குத் தெரியும்.

கிரேட் 4ல ஒரு பையன், பேர் வேண்டாம். பிப்ரவரில சொல்வதெழுதுதல் வெச்சா அழகா எழுதுவான். ஜூன் வந்துச்சுன்னா மூணாவது வார்த்தையிலயே நின்னுடுவான், பென்சில் கையில இருக்கும், வாய் திறந்திருக்கும், கண்ணு ஜன்னல் பக்கம். உள்ளங்கையால மூக்கை கீழ இருந்து மேல தேய்ப்பான், தேய்ச்சுத் தேய்ச்சு மூக்கு மேல குறுக்கால ஒரு கோடே விழுந்திருக்கு. கண்ணுக்குக் கீழ கருவளையம். வாசிக்கச் சொன்னா "மாமா"ங்கறது "பாபா"ன்னு வரும், மாம்பழம் பாப்பழம் ஆயிடும், ஏன்னா மூக்கு அடைச்சிருந்தா ம, ந, ண எதுவும் ஒழுங்கா வராது. ரிப்போர்ட்ல அவனுக்கு விழுந்தது என்ன தெரியுமா, "கவனம் இல்லை, சோம்பேறித்தனம்". வீட்லயும் அதைப் படிச்சுட்டு இன்னொரு லெசோன்ல, அதாவது ட்யூஷன்ல, சேர்த்து விட்டாங்க. ராத்திரி பூரா வாயால மூச்சு விட்டு, நாலு தடவை முழிச்சு, காலைல அரைத்தூக்கத்துல வர்ற பிள்ளைக்கு சாயங்காலம் ட்யூஷன் வேற, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதைதான்.

இது வெறும் லகிரிப் (சளிக்காய்ச்சல்) இல்லைங்க ஐயா. சாதாரண சளின்னா கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும், தொண்டை வலிக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல போயிடும். அலர்ஜின்னா காய்ச்சல் இருக்காது, தண்ணி மாதிரி ஒழுகும், காலைல எழுந்ததும் வரிசையா தும்மல், மூக்கும் கண்ணும் அரிப்பு, வாரக்கணக்கா இழுக்கும். நம்ம மேட்டுப்பகுதில ஈரம் ஜாஸ்தி, மே ஜூன்ல குளிர் ஆரம்பிச்சதும் அலமாரில இருந்து கம்பளி வெளிய வரும், ஜன்னலை எல்லாம் சாத்திடுவோம், கம்பளிலயும் மெத்தைலயும் இருக்கற கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கு அதுதான் கொண்டாட்டம். 2024 ஜனவரில பெலால் புயல் அடிச்சப்போ தண்ணி புகுந்த வீடுங்க இருக்கு பாருங்க, அந்த மாதிரி சுவர்ல பூஞ்சை பிடிச்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கு இன்னும் கஷ்டம். கரும்பு வெட்டு சமயத்துல எங்கயாவது தோட்டத்தை எரிச்சா அந்தப் புகையும் கரியும் ஏற்கனவே புண்ணா இருக்கற மூக்கை இன்னும் கெடுக்கும். நம்ம வீட்டு சாம்பிராணியும் ஊதுவத்தியும் கூட இதுல சேர்த்திதான், சொன்னா பாட்டிமாருங்க என்னைத் திட்டுவாங்க, பரவாயில்ல.

மருந்து விஷயம்தான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். மூக்கு ஒழுகுதுன்னா பார்மசில போய் ஒரு சிரப் வாங்கி காலைல ஒரு ஸ்பூன் ஊத்தி அனுப்பிடறாங்க, அதுல குளோர்பெனிரமின், புரோமெத்தசின் மாதிரி பழைய காலத்து மருந்து இருக்கும், ஒழுகறது நிக்கும் ஆனா பிள்ளை தூங்கி வழியும். அலர்ஜி ஒரு பக்கம் மூளையை மந்தமாக்குது, அதுக்குக் குடுக்கற மருந்து இன்னொரு பக்கம். இது டீச்சரோட கற்பனை இல்லைங்க. 1993ல வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வுல அலர்ஜி இருக்கற பிள்ளைங்களை வெச்சு சோதனை பண்ணினப்போ அந்தப் பிள்ளைங்க மத்தவங்களை விடக் குறைவாத்தான் கத்துக்கிட்டாங்க, தூக்கம் வர்ற மருந்து குடுத்தவங்க அதைவிட மோசம். 2007ல வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல 15ல இருந்து 17 வயசு வரைக்கும் 1800க்கும் மேல மாணவர்களைப் பார்த்தாங்க, பரீட்சை சமயத்துல மூக்கு அலர்ஜி தொந்தரவு இருந்தவங்களுக்கு மாதிரித் தேர்வுல எடுத்த கிரேடு நிஜத் தேர்வுல இறங்கற வாய்ப்பு 40 சதவீதம் அதிகம், தூக்கம் வர்ற அலர்ஜி மருந்து எடுத்திருந்தா 70 சதவீதம். அங்க மகரந்தம், இங்க பெரும்பாலும் தூசிப் பூச்சி, ஆனா அடைபடற மூக்கும் கெடற தூக்கமும் ஒண்ணுதான். கிரேட் 6 முடிவுல பிஎஸ்ஏசி தேர்வு எழுதற நம்ம பிள்ளைங்க அந்தக் குளிர் மாசத்துலதான் தேர்வுக்குத் தயாராகறாங்க.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். ஏடிஎச்டின்னு ஒண்ணு, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற கோளாறு, நிஜமாவே இருக்கு, அது அலர்ஜி இல்ல, மூக்கை சரி பண்ணினா அது போயிடாது. இந்த மனுவை காமிச்சு "பாத்தியா என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல"ன்னு டாக்டர்கிட்ட போகாம இருந்துடாதீங்க. ரெண்டும் சேர்ந்தே இருக்கற பிள்ளைங்களும் உண்டு, நிறைய ஆய்வுல ரெண்டுக்கும் தொடர்பு தெரியுது, எது எதைக் கொண்டு வருதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல. ஆனா ஏடிஎச்டின்னு முடிவு பண்ணணும்னா அறிகுறி 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ஆறு மாசமாவது நீடிச்சிருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், வேற காரணத்தால வருதான்னும் பார்க்கணும். தூக்கமும் மூச்சும்தான் அதுல முதல்ல பார்க்க வேண்டியது, சுலபமும் கூட. தொண்டைல இருக்கற டான்சிலும் மூக்குக்குப் பின்னால இருக்கற அடினாய்டு சதையும் பெருத்துப் போய் குறட்டை விடற பிள்ளைங்க, காதுக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு பாதி சத்தம்தான் கேக்கற பிள்ளைங்க, இவங்க எல்லாரும் கிளாஸ்ல பார்த்தா ஒரே மாதிரிதான் தெரிவாங்க. கூப்பிட்டா திரும்ப மாட்டான். அவ்வளவுதான் டீச்சருக்குத் தெரியும்.

அதனால நாங்க கேக்கறது இதுதான். ஸ்கூலுக்கு வந்து கண்ணும் பல்லும் பார்க்கற டீம், மூக்கையும் காதையும் சேர்த்துப் பார்க்கட்டும், பெற்றோர்கிட்ட குறட்டை உண்டா, வாயால மூச்சு விடறானா, காலைல தும்மறானா, இதுக்கு முன்னாடி ஆஸ்துமா உண்டான்னு ஒரு பக்கத் தாள்ல கேக்கட்டும். ஆஸ்துமாவை ஏன் கேக்கச் சொல்றேன்னா, ரெண்டும் ஒரே மூச்சுக்குழாய் விவகாரம், மூக்கை கவனிக்காம விட்டா ஆஸ்துமாவும் அடங்காது. சந்தேகம் இருந்தா அந்தத் தாளோடயே பக்கத்து ஹெல்த் சென்டருக்கும், தேவைப்பட்டா வாக்குவால இருக்கற ஈஎன்டி (காது மூக்கு தொண்டை) ஆஸ்பத்திரிக்கும் அனுப்பற மாதிரி ஒரு வழி வேணும். நம்ம நாட்டுல அரசு வைத்தியம் இலவசம், 2005ல இருந்து மாணவர்களுக்கு பஸ்ஸும் இலவசம், இருந்தும் இந்தப் பிள்ளைங்களோட அம்மாமாருங்க கூட்டிக்கிட்டுப் போகாததுக்குக் காரணம் இது வியாதின்னே அவங்களுக்கு யாரும் சொல்லாததுதான்.

ஹெல்த் சென்டர்ல லோராடடின், செடிரிசின் மாதிரி தூக்கம் குறைச்சலா வர்ற மருந்தும், டாக்டர் எழுதிக் குடுக்கற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் பிள்ளைங்களுக்கு எப்பவும் இருக்கணும். ஸ்பிரேயைப் பத்தி ஒரு வார்த்தை, அது அடிச்ச உடனே கேக்கற மருந்து இல்ல, தினமும் போடணும், முழுப் பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், நடு எலும்பு பக்கம் இல்லாம வெளிப்பக்கமா காமிச்சு அடிக்கணும், இதை நர்ஸ் ஒரு தடவை கையில பிடிச்சுக் காட்டினாப் போதும், இல்லைன்னா மூணு நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க. அடைப்பு நீக்கற சொட்டு மருந்தை வாரக்கணக்கா ஊத்தினா அடைப்பு இன்னும் மோசமாகும்னும் அப்பவே சொல்லிடலாம்.

கிளாஸ்ரூம் பத்தி நீளமா எழுதல. மழைக்கு ஒழுகற கூரை, பூஞ்சை பிடிச்ச சுவர், கிரேட் 1 மூலைல வருஷக்கணக்கா துவைக்காத கார்ப்பெட்டும் பொம்மையும், இதுகளை டிசம்பர் லீவுலயே பார்த்துடுங்க. டீச்சருங்களுக்கு அரை நாள் பயிற்சி குடுங்க, நோயை நாங்க கண்டுபிடிக்க வேண்டாம், ரிப்போர்ட்ல "சோம்பேறி"ன்னு எழுதறதுக்கு முன்னாடி யார்கிட்ட சொல்லணும்னு தெரிஞ்சாப் போதும். எல்லா ஸ்கூல்லயும் ஒரே நேரத்துல முடியாதுன்னா ஈரம் ஜாஸ்தியா இருக்கற மேட்டுப்பகுதி ஸ்கூலுங்கள்ல, வர்ற மே மாசத்துக்கு முன்னாடி ஆரம்பிங்க, கம்பளி வெளிய வந்தப்புறம் ஆரம்பிச்சா அந்த வருஷம் போச்சு.

எங்க மனுவை ரெண்டு அமைச்சகமும் சேர்ந்து உக்காந்து பார்த்து, எழுத்துல பதில் தரணும்னு பணிவோட கேட்டுக்கறோம்.

இப்படிக்கு,
பிரைமரி ஸ்கூல் தமிழ் டீச்சர்கள், பெற்றோர்கள்.

(கையெழுத்துப் போடறவங்களுக்கு: உங்க பேர், ஸ்கூல், கல்வி ஜோன் (மண்டலம்) மட்டும் எழுதுங்க. எந்தப் பிள்ளை பேரையும் எழுதாதீங்க. திருத்தம் இருந்தா இந்த வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க, திங்கக்கிழமை இங்கிலீஷ் காப்பி பிரிண்டுக்குப் போகுது.)