கினோசாகியில் ஓர் இரவு என்று விற்றுவிட்டு ஒன்றரை மணி நேரம் காட்டியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஜப்பான் வெந்நீர் ஊற்று நகரங்கள் சுற்றுலா – ஒப்புக்கொண்ட தங்கும் வசதி தராதது, உணவு விவரத்தை விடுதிக்குத் தெரிவிக்காதது, தவறான விளம்பரம் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த டிசம்பரில் உங்கள் நிறுவனம் நடத்திய ஜப்பான் வெந்நீர் ஊற்று நகரங்கள் சுற்றுலாவுக்கு நான், என் மனைவி, மகள், என் அம்மா ஆகியோர் வந்திருந்தோம். புறப்படுவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். நீங்கள் கொடுத்த பயணத் திட்டத்தில் குசாட்சுவில் ஓர் இரவு, கினோசாகியில் ஓர் இரவு, இரண்டு ஊரிலும் பாரம்பரிய ரியோகான் விடுதி, இரவு உணவும் காலை உணவும் சேர்த்து என்று எழுதியிருந்தது.

கினோசாகியில் நாங்கள் தங்கவே இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பேருந்து ஊருக்குள் நுழைந்தது, மூன்றரைக்குக் கிளம்பிவிட்டது. அன்றிரவு எங்களைப் படுக்க வைத்தது வேறொரு நகரத்தில், நெடுஞ்சாலை ஓரத்து பிசினஸ் ஹோட்டல் ஒன்றில். ஊர் திரும்பியதும் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, ‘ஊரைப் பார்த்தீர்கள்தானே சார், ஹோட்டலும் அதே தரம்தான், மாற்று விடுதி தரலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது’ என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாததால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நிபந்தனையில் ‘அதே தரத்திலான மாற்று விடுதி’ என்று இருப்பது உண்மை. டோக்கியோவில் ஒரு ஹோட்டலுக்குப் பதில் இன்னொன்று கொடுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கினோசாகி விஷயம் அப்படியல்ல. அந்த ஊர்க்காரர்களே சொல்வது: ரயில் நிலையம்தான் வாசல், தெருக்கள்தான் நடைகூடம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியலகங்கள்தான் குளியலறை, ஊர் முழுவதும் சேர்ந்து ஒரே விடுதி. சாத்தோ-நோ-யு, ஜிசோ-யு, யனாகி-யு, இச்சினோ-யு, கோஷோ-நோ-யு, மண்டாரா-யு, கோனோ-யு என ஏழு பொதுக் குளியலகங்கள் அங்கே உள்ளன. ஊரில் தங்குபவர்களுக்கு ஏழுக்கும் சேர்த்து விடுதியே இலவச அனுமதி தருகிறது. விடுதி கொடுக்கும் யுகாடா ஆடையை உடுத்தி, கெத்தா என்னும் மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒத்தானி ஆற்றங்கரையில் வில்லோ மரங்களை ஒட்டி ஒரு குளியலகத்திலிருந்து அடுத்ததற்கு நடப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புவார்கள். பெரும்பாலான குளியலகங்கள் இரவு 11 மணி வரை திறந்திருக்கும். காலையில் மறுபடி. இப்படித்தான் அந்த ஊரை அனுபவிக்கிறார்கள், இதற்காகத்தான் அங்கே போகிறார்கள். 1925 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்த ஊரை, அந்த மக்கள் ஆற்றையும் மர வீடுகளையும் குளியலகங்களையும் நடுவில் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பகலில் ஒன்றரை மணி நேரம் வந்து போகிறவருக்கு அதில் என்ன கிடைக்கும்?

எங்களுக்குக் கிடைத்தது இதுதான். யனாகி-யுவும் மண்டாரா-யுவும் பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கின்றன. 3.15-க்குப் பேருந்து அருகே வந்துவிட வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி கறாராகச் சொல்லிவிட்டார். மற்றவற்றில் ஒன்றுக்கு அன்று வார விடுமுறை. தங்கும் விருந்தினர்கள் இல்லை என்பதால் யுகாடாவும் இல்லை, இலவச அனுமதியும் இல்லை. டிக்கெட்டை அவரவர் கைப்பணத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். உங்கள் விளம்பரத்தின் முதல் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தின் மேல் யுகாடா உடுத்திய குடும்பம் நிற்கும் படம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் இந்தச் சுற்றுலாவை எங்களுக்கு விற்றீர்கள். அதே பாலத்தில் நாங்கள் ஜாக்கெட்டும் ஷூவுமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினோம்.

வவுச்சரில் பெயர் குறிப்பிட்டிருந்த ரியோகான் அந்தத் தெருவிலேயே இருந்தது. வழிகாட்டியை அழைத்துக்கொண்டு நானே உள்ளே போய் விசாரித்தேன். உங்கள் நிறுவனத்தின் பெயரிலோ எங்கள் குழுவின் பெயரிலோ அந்தத் தேதிக்கு முன்பதிவே இல்லை என்று பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். ரத்தானதாகவும் பதிவில் இல்லை. அப்படியானால் எங்களுக்குக் கொடுத்த அந்த வவுச்சர் என்ன? இதற்கு மட்டும் உங்களிடமிருந்து இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

எழுபதைத் தாண்டிய என் அம்மாவின் ஆசைக்காகத்தான் இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழு குளியலகம் என்று கேட்டதுமே, ‘ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தம் ஆடின மாதிரி இதுலயும் ஒண்ணு விடாம குளிச்சுட்டு வந்துடணும்’ என்றார். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் பயணம் செய்தவர் கினோசாகியில் ஒன்றில்கூட நனையவில்லை. அதற்குக் காரணம் உங்கள் கையேடு.

அதில் ‘நீச்சலுடை கொண்டுவரவும்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். ஜப்பானில் இதுபோன்ற பொதுக் குளியலகங்களில் நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். ஆடை முழுவதையும் களைந்து, உட்கார்ந்து உடம்பை நன்றாகக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக் கூடாது, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை இது. கினோசாகியில் அப்போது திறந்திருந்த ஒரு குளியலகத்துக்குள் போனபோது, உங்கள் கையேட்டை நம்பி எங்கள் குழுவின் பெண்கள் சிலர் நீச்சலுடையோடு உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வர, பணியாளர் பதறிப்போய்த் தடுத்தார். சுற்றிலும் உள்ளூர்ப் பெண்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் தலை நிமிரவில்லை. பாதிப் பேர் குளிக்காமலே திரும்பினார்கள். அவர்களோடு அம்மாவும் வந்துவிட்டார். வழக்கம் இன்னதென்று வீட்டிலேயே தெரிந்திருந்தால், விருப்பமுள்ளவர்கள் மனதைத் தயார்செய்துகொண்டு வந்திருப்பார்கள். மற்றவர்கள் குடும்பத்துக்கென்று நேரம் ஒதுக்கித் தரும் தனிக் குளியலறை உள்ள விடுதியைக் கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு வரியைச் சரியாக எழுதியிருந்தால் போதும்.

குசாட்சுவில் சொன்னபடி நடந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். விடுதி ஊரின் மத்தியில், யுபாடகேயிலிருந்து சில நிமிட நடையில் இருந்தது. கொதிக்கும் ஊற்று நீர் மரக் கால்வாய்களில் ஓடி ஆறும் அந்த இடத்தை இரவு விளக்கொளியில், ஆவி நடுவே நின்று பார்த்தோம். ஊற்று நீரின் சூடு 50 டிகிரிக்கும் மேல். பச்சைத் தண்ணீர் கலந்தால் மருத்துவ குணம் குறைந்துவிடும் என்று, பெண்கள் பாட்டுப் பாடியபடி நீளமான பலகைகளால் தண்ணீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவதை மறுநாள் பார்த்தோம். விடுதியின் குடும்பக் குளியலறையில் அம்மா இறங்கினார். அங்கே ஓர் இரவு தங்கியதால்தான் கினோசாகியில் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது எதுவென்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிகிறது.

ஆனால் அங்கேயும் உணவு விஷயத்தில் உங்கள் பொறுப்பின்மை தலை குனிய வைத்தது. பதிவுப் படிவத்தில் ‘சுத்த சைவம், மீன், முட்டை கூடாது’ என்று தெளிவாக எழுதியிருந்தேன். உங்கள் அலுவலகமும் ‘ஏற்பாடு செய்தாயிற்று’ என்று உறுதியளித்தது. விடுதிக்கு அந்தத் தகவல் போகவே இல்லை. ரியோகான் சமையல் ஹோட்டல் பஃபே போன்றதல்ல. எத்தனை பேர், யார் யாருக்கு என்ன என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பொருள் வாங்கிச் சமைக்கிறார்கள். ஜப்பானில் மிசோ சூப்பிலிருந்து காய்கறிக் கூட்டு வரை பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல் போட்ட சாறுதான் அடிப்படை. கண்ணுக்கு மீன் தெரியாது, ருசியில் இருக்கும். முன்னதாகச் சொல்லியிருந்தால் கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷீடாக்கே காளானிலும் சாறு எடுத்திருக்கலாம். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையல் முழுக்கவே அப்படித்தான். அந்த நாட்டுக்கு அது புதிதல்ல. மாலை ஆறு மணிக்கு இலை போடும் நேரத்தில் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அம்மா வெறுஞ்சோற்றில் தான் கொண்டுவந்த பருப்புப் பொடியைப் பிசைந்து சாப்பிட்டார். விடுதி நடத்தும் அம்மையார் எங்கள் அறைக்கே வந்து, மண்டியிட்டு, தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. உங்கள் அலுவலகத்திலிருந்து போயிருக்க வேண்டிய ஒரு மின்னஞ்சலுக்காக அந்தப் பெண்மணி குனிந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இனி, கினோசாகிக்குப் பதிலாக நீங்கள் கொடுத்த ஹோட்டல். ‘அங்கேயும் வெந்நீர் ஊற்றுக் குளியல் இருக்கிறது, ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை’ என்று வழிகாட்டி பேருந்தில் அறிவித்தார். குளியல் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். செயற்கை வெந்நீர்க் குளியல், சுழற்சி முறை, குளோரின் சேர்ப்பு உண்டு என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஹோட்டல் மீது குற்றமில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானில் இது விளையாட்டான விஷயமல்ல. 1948-ஆம் ஆண்டின் வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில் இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட தாதுப் பொருட்களில் ஏதேனும் ஒன்று குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும், அதுதான் ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்று. 2004-இல் நாகானோ மாகாணத்தின் ஷிராஹோனே என்ற வெந்நீர் ஊற்று ஊரில் தண்ணீரை வெண்மையாக்கப் பொடி கலந்தது அம்பலமாகி நாடே கொந்தளித்தது. அதன்பின் 2005 முதல், ஊற்று நீரில் வேறு தண்ணீர் கலப்பது, சூடேற்றுவது, சுழற்சி செய்வது, கிருமிநாசினி சேர்ப்பது ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதி வந்தது. குளிக்க வருபவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் அந்த நாடு அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. அங்கே அழைத்துப் போகும் நீங்கள் குழாய்த் தண்ணீரை ஊற்று என்று அறிவித்தால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் குளிர்காலத்துக்கான உங்கள் புதிய விளம்பரத்தில் யமகாதா மாகாணத்தின் கின்ஸான் ஒன்சென் ‘விளக்கொளியில் மாலை உலா, இரவு வேறு நகரத்தில் தங்கல்’ என்று இருக்கிறது. அந்தச் சிற்றூரில் கூட்டம் தாங்காமல் 2024 டிசம்பரில் பகல்நேரப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மாலை 5 மணிக்கு மேல் முன்பதிவுச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விட்டார்கள், 8 மணிக்கு மேல் அங்கே தங்குபவர்கள் மட்டும்தான். வரும் பருவத்துக்கான விதியை விசாரித்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரம் செய்தீர்களா? இல்லையென்றால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் எங்களைப் போலவே ஏமாறும்.

என் கோரிக்கைகள்: கினோசாகி ரியோகானுக்கென்று, இரண்டு வேளை உணவுடன், எங்கள் நால்வரிடமும் வாங்கிய தொகைக்கும் அந்த பிசினஸ் ஹோட்டலுக்கு நீங்கள் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ரசீதுகளுடன் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். இல்லாத முன்பதிவுக்கு வவுச்சர் கொடுத்தது யார், ஏன் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். நீச்சலுடை பற்றிய வரியை உடனே நீக்கிவிட்டு, குளிக்கும் முறையைத் தமிழில் தெளிவாக அச்சிட்டுப் புறப்படும் முன்பே எல்லாருக்கும் கொடுங்கள். சைவ உணவுக்காரர்களின் விவரத்தை விடுதிக்கு எழுத்தில் அனுப்பி, விடுதியின் பதிலையும் வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். குசாட்சு விடுதிக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும்; பணத்துக்கு நிகராக இதையும் வலியுறுத்துகிறேன்.

பயணத் திட்டம், வவுச்சர், பதிவுப் படிவம், ஹோட்டல் அறிவிப்பின் படம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் ஆகியவற்றுக்காக வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
நால்வர் சார்பில் பணம் செலுத்திய வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்