கத்தோலிக்க இதழ்ப் பணியும் தாய்மாரும்: பக்தி ஊதியம் ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மறைமாவட்ட இதழ்களுக்கும் கத்தோலிக்கப் பதிப்பகங்களுக்கும் மொழிபெயர்ப்பு, தொகுப்பு, மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது) செய்து தருபவர்களில் பிள்ளை வளர்க்கும் பெண்கள் பலர். "வீட்டில் இருந்தே செய்யலாம், ஆண்டவருடைய வேலை" என்று சொல்லித்தான் அவர்களை அழைக்கிறார்கள். எழுத்துப் பணி, தாய்மை, விசுவாச வாழ்வு மூன்றும் ஒரே வீட்டில் பொருந்தி நடக்க முடியும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் பக்தியை மட்டும் நம்பினால் அது நடக்காது. வேலை கொடுப்பவர் நாள்காட்டியையும் கூலியையும் ஒழுங்காக வைத்தாக வேண்டும்.

முதல் சிக்கல் நாள்காட்டி. கிறிஸ்மஸ் சிறப்பிதழ் நெருக்கும் டிசம்பரில்தான் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தவக்காலமும் புனித வாரமும் வரும்போது ஆண்டுத் தேர்வு. இரண்டும் முன்கூட்டியே தெரிந்தவை. 2027ஐ எடுத்துக்கொள்வோம். பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. தவக்கால இதழ் பிப்ரவரி முதல் வாரம் பங்குகளுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், அச்சுக்கும் தபாலுக்கும் 12 நாளாவது விட்டு, ஜனவரி 20க்குள் பக்கங்கள் முடிய வேண்டும். அப்படியானால் கட்டுரைகள் டிசம்பர் 15க்குள் கைக்கு வர வேண்டும். நடப்பது வேறு. கட்டுரை ஜனவரி பத்தாம் தேதி வருகிறது, அச்சகத் தேதி மட்டும் மாறுவதில்லை. நடுவில் தொலைந்த நாட்களை மெய்ப்பு பார்ப்பவர் தம் இரவுத் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார். கட்டுரை தருவதற்கான கடைசித் தேதியை அருட்பணியாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் எழுத்தில் கொடுத்து, தவறினால் அடுத்த இதழுக்குத் தள்ளும் துணிவு ஆசிரியர் குழுவுக்கு வர வேண்டும்.

அடுத்து, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. எல்லா வேலையும் ஒரே மாதிரிக் கவனம் கேட்பதில்லை. திருவிவிலிய வசன எண்களைச் சரிபார்ப்பது, படக்குறிப்பு எழுதுவது, திருநாள் அட்டவணை ஒப்பிடுவது ஆகியவற்றைக் குழந்தை விளையாடும்போது கால்மணி கால்மணியாகச் செய்யலாம். விட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்து போகலாம். திருத்தந்தையின் மடலை மொழிபெயர்ப்பதும் இறையியல் கட்டுரையைச் செம்மைப்படுத்துவதும் அப்படி அல்ல. வாக்கியத்தின் நடுவில் எழுந்தால் திரும்பி வந்து பத்தியின் தலையிலிருந்து படிக்க வேண்டும். இடையூறு இல்லாத ஒரு மணி நேரத்தில் 250 சொல் மொழிபெயர்த்தால் அது நல்ல வேகம். தினமும் இரண்டு மணி நேரம் அமைதி கிடைக்கும் வீட்டில் 5,000 சொல் மடலுக்குப் பத்து நாள், திருத்தி எழுத இன்னும் மூன்று நாள். இந்தக் கணக்குப் போடாமல் "இந்த வாரத்துக்குள்" என்று கேட்பதும், கேட்டதற்கு ஒப்புக்கொள்வதும் தவறு. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தை இருந்தால் இரண்டாம் வகை வேலையைக் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

கைபேசியில் பேசித் தட்டச்சு செய்வது பாலூட்டும் தாய்மாருக்கு நல்ல உதவி. முதல் வரைவுக்கு மட்டும் அதை நம்பலாம். 'பலி' 'பழி' ஆகும், 'இறைமக்கள்' 'இரைமக்கள்' ஆவார்கள். கணினியின் பிழைதிருத்தி இவற்றைப் பிடிக்காது, 'பழி'யும் 'இரை'யும் அகராதியில் உள்ள சொற்கள்தானே. காகிதத்தில் எடுத்து வாய்விட்டுப் படிப்பது ஒன்றுதான் வழி. எண்களுக்கென்று தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும். எழுத்தையும் எண்ணையும் ஒரே வாசிப்பில் பார்க்கிற கண் எண்ணை விட்டுவிடும்.

களைத்த கண்ணுக்குத் தப்பும் பிழைகள் வேறு சிலவும் உண்டு. பழைய செபப் புத்தகங்களில் திருப்பாடல் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். இன்றைய 23 அங்கே 22, 51 அங்கே 50. கட்டுரையாளர் மனப்பாடமாக எழுதும் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பும் 1995இன் பொது மொழிபெயர்ப்பும் கலந்திருக்கும். போன ஆண்டு அட்டவணையை அப்படியே நகல் எடுப்பது இன்னும் ஆபத்து. மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருவிழா 2027இல் பெரிய வியாழனன்று விழுவதால் ஏப்ரல் 5க்கு மாறும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். அதற்கு எளிய சோதனை, ஆண்டு எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு. 2027க்கு மீதி இரண்டு, ஆகவே இரண்டாம் ஆண்டு, அதுவும் கிறிஸ்மஸுக்கு முந்தைய 2026 திருவருகைக் காலத்திலிருந்தே தொடங்கிவிடும்.

நவநாள் கையேடு, செபப் புத்தகம் போன்றவற்றுக்கு ஆயரின் அனுமதி தேவை என்று திருச்சபைச் சட்டம் 826 சொல்கிறது. ஆயருக்காக நூலைப் படித்துப் பார்க்கும் தணிக்கையாளர் தம் கருத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம் 830. இதற்கு ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டும். முழுமையாக மெய்ப்பு பார்த்த படியைத்தான் அனுப்ப வேண்டும். அனுமதி வந்த பிறகு "இந்த ஒரு மன்றாட்டையும் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டால் மறுத்தே ஆக வேண்டும், அச்சிடும் நூல் அனுமதி பெற்ற நூலாக இராது.

கூலிக்கு வருகிறோம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. ஆனால் பக்கக் கணக்கில் வேலை செய்பவருக்கும், பத்துப் பேர் கூட இல்லாத சிறு அலுவலகத்தில் இருப்பவருக்கும் அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாது. இங்கே நிர்வாகத்தின் மனச்சாட்சிதான் சட்டம். மனித உழைப்பைப் பற்றி 1981 செப்டம்பரில் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய சுற்றுமடலின் 19ஆம் எண், வேலை முழுவதையும் குடும்ப வாழ்வுக்கு இசைய அமைக்கச் சொல்கிறது, தாய்மைக்கு முதன்மை தந்து. இதை அச்சிட்டுப் பரப்பும் நிறுவனங்களே கடைப்பிடிக்காமல் இருக்கலாமா? குறைந்தபட்சம் இவற்றையாவது செய்யட்டும்: வேலை தொடங்குமுன் விலையை எழுத்தில் தருவது, பக்கம் கட்டிய பிறகு கட்டுரையாளர் மாற்றினால் அதற்குத் தனிக் கூலி, இதழ் வெளிவந்த 30 நாளுக்குள் பணம், பெயரை அச்சிடுவது. சேவையாகச் செய்ய விரும்புபவர் பணத்தை வாங்கிக்கொண்டு தாமே காணிக்கையாகத் தரட்டும். அந்த முடிவு அவருடையது.

விசுவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நற்செய்தியை நாள் முழுதும் மெய்ப்பாகப் படிப்பவருக்குத் திருப்பலியில் வாசகம் கேட்கும்போதும் காற்புள்ளிதான் கண்ணில் நிற்கும். கிறிஸ்மஸ் பக்கங்களை முன்கூட்டியே முடித்தவருக்குத் திருவருகைக் காலம் வரும்போது சொல்லெல்லாம் தீர்ந்து போயிருக்கும். இதற்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து, வேலைக்குப் பயன்படுத்தாத ஒரு திருவிவிலியத்தைச் செபத்துக்கென்று தனியே வைப்பதும், மாலைச் செபத்தைப் பிள்ளைகளோடு சொல்லும்போது கைபேசியை அடுத்த அறையில் விடுவதும்தான். மீதி அலுவலகத்தின் கையில் இருக்கிறது. குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று எல்லாப் பக்கங்களையும் மூடிவிட்டு, பெரிய வியாழன் நண்பகல் முதல் பாஸ்கா திங்கள் வரை எந்தக் கோப்பும் அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு கத்தோலிக்க இதழும் அறிவிக்கட்டும். 2027க்கு அந்த வெள்ளி மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள்.

இப்படிக்கு,
கத்தோலிக்கப் பதிப்புப் பணியில் உள்ள தாய்மார் சிலர்,
திருச்சிராப்பள்ளி